ஆடும் கியர் லிவர்: செலவுக்கு முன் ஒரு சோதனை

சில மாதங்களுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் தனிநபர் கடன் பற்றி விசாரிக்க, பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் கிளைக்கு வந்திருந்தார். தமது காரின் கியர் லிவர் சில வாரங்களாகத் தளர்ந்து ஆடுவதாகக் கூறினார். பணிமனை ஒன்றில் காட்டியபோது, கியர்பாக்ஸையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஐந்து இலக்கத் தொகை ஒன்றை மதிப்பீடாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பும் முன் வேறொரு மெக்கானிக்கிடமும் காட்டிவிட்டு வருமாறு அவரைக் கேட்டுக்கொண்டோம். மறுவாரம் சிரித்த முகத்துடன் வந்தார். பழுது கியர்பாக்ஸில் இல்லை. கேபிள் முனையில் இருந்த சிறு பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிட்டது.

கடன் வழங்குவது எங்கள் பணிதான். எனினும், தேவையற்ற கடனிலிருந்து வாடிக்கையாளரைக் காப்பதும் அப்பணியில் அடங்கும் என்றே கருதுகிறோம். எனவே இந்த எளிய பழுதை வீட்டிலேயே கண்டறியும் முறையை இங்கு விளக்குகிறோம்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களில் கியர் லிவர் ஸ்டியரிங்கை ஒட்டி அமைந்திருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகு, முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய கார்கள் நம் நாட்டில் பரவலாயின. இவற்றில் கியர்பாக்ஸ் எஞ்சினுடன் சேர்ந்து பானெட்டின் அடியில் இருக்கிறது. லிவரோ இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. இவ்விரண்டையும் கம்பிகள் அல்லது கேபிள்கள் இணைக்கின்றன. இன்றைய கார்கள் பலவற்றில் இரண்டு கேபிள்கள் உள்ளன. ஒன்று லிவரின் இடவல அசைவையும், மற்றொன்று முன்பின் அசைவையும் கியர்பாக்ஸுக்குக் கொண்டு செல்கிறது.

கேபிள்களின் முனைகளில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ்கள் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் வெப்பம், தூசி, வயது ஆகியவற்றால் இவை தேய்கின்றன. ஹெப்பாள் மேம்பாலத்தையும் சில்க் போர்டு சந்திப்பையும் நாள்தோறும் கடப்பவர்கள், ஒரே பயணத்தில் எத்தனை முறை கியர் மாற்றுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இத்தேய்மானம் வியப்பளிக்காது.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எஞ்சின் நன்கு குளிரும்வரை காத்திருங்கள். நியூட்ரலில் லிவர் சற்றே அசைவது இயல்பு. முன்பு இல்லாத ஆட்டம் இப்போது இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் கைப்பிடிக் குமிழைப் பாருங்கள். அது மட்டும் சுழன்றால், இறுக்கினாலே போதும். அடுத்து, வீட்டில் உள்ள ஒருவரை லிவரை மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து கேபிள்களின் முனைகளைக் கவனியுங்கள். லிவர் அசைந்தும் கேபிள் இணையும் கை உடனே அசையாவிட்டால், அல்லது இணைப்பில் இடைவெளி தெரிந்தால், புஷ் தேய்ந்திருக்கிறது. கேபிள் ஒழுங்காக அசைந்தும், ஓடும்போது கியர் தானாக நழுவினாலோ, கிளட்சை முழுவதும் மிதித்தும் கியர் உரசும் ஒலி கேட்டாலோ, கோளாறு கியர்பாக்ஸிலோ கிளட்சிலோ இருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

புஷ் மாற்றுதல்

பெங்களூருவில் ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளில் பெரும்பாலான கார்களுக்குப் புஷ் கிடைக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொண்டு சென்றால் சரியான பாகத்தைப் பெறலாம். ரசீது வாங்க மறவாதீர்கள்.

கழற்றும் முன் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக் கிளிப்பை அகற்றி, கேபிள் முனையைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் வளையாமல் நெம்பி எடுங்கள். பழைய புஷ்ஷை நீக்கி, இடத்தைத் துடைத்து, புதியதைச் சிறிது நேரம் வெந்நீரில் இட்டால், அது இளகி எளிதாக உட்காரும். சிறிது கிரீஸ் தடவி, முனையை அழுத்திப் பொருத்தி, கிளிப்பை மாட்டுங்கள். எஞ்சின் அணைந்த நிலையிலேயே எல்லா கியர்களையும் போட்டுப் பார்த்துவிட்டு, பின்னரே மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியைத் தாமே கழற்றுவது நல்லதன்று. கேபிளின் நீளத்தைச் சீரமைக்கும் திருகுகளைத் தொட வேண்டாம். லிவரைச் சுற்றியுள்ள பெட்டியைக் கழற்றுவதையும் தவிர்க்கவும்; பல கார்களில் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுக் கருவி அதனடியில்தான் இருக்கிறது.

மாறாக, ஆட்டத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதும் ஆபத்தே. புஷ் முற்றிலும் உடைந்து கேபிள் கழன்றால், நெரிசலின் நடுவே எந்தக் கியரும் விழாமல் வண்டி நின்றுவிடக்கூடும். சரிவில் கியரில் நிறுத்தியதாக நம்பிய வண்டி உண்மையில் நியூட்ரலில் இருக்கலாம். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பெரிய மதிப்பீடு கையில் கிடைக்கும்போது, எந்தப் பாகம் பழுது என்று எழுத்தில் கேளுங்கள், இன்னொருவரிடமும் காட்டுங்கள். அதன் பிறகும் கடன் தேவைப்பட்டால், எங்கள் கிளைகளின் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும்.