கொலோனோஸ்கோபி... டெஸ்ட்டுக்கு முந்தைய நாள்தான் முக்கியம்!

"கொலோனோஸ்கோபி பண்ணிடலாம்" என்று டாக்டர் சொன்னதுமே பலருக்கும் வயிற்றைக் கலக்கிவிடும். வலிக்குமோ என்ற பயம் ஒரு பக்கம், கூச்சம் இன்னொரு பக்கம். மலத்தில் ரத்தம் போனால்கூட 'மூலமாத்தான் இருக்கும்' என்று கைவைத்தியத்திலேயே மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கும் அதே அறிகுறி உண்டு என்பதுதான் ஆபத்து.

நுனியில் கேமரா பொருத்திய, விரல் தடிமனுள்ள குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை இது. பெரும்பாலும் அரைமணி நேரம்தான். மயக்க மருந்து கொடுத்துச் செய்தால், பலருக்கு நடந்ததே நினைவிருக்காது. 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சி தென்பட்டால், பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இந்த பாலிப்பில்தான் தொடங்குகிறது.

உண்மையான சிரமம், முந்தைய நாள் பேதி மருந்துதான். பவுடரைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். சுவை சுமார்தான், குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். பாதியில் நிறுத்திவிட்டால், ஒட்டியிருக்கும் மலத்துக்கு அடியில் பாலிப் மறைந்துகொள்ளும். சில நேரம் மொத்தத்தையும் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டிவரும். மலம் வெளிர் மஞ்சள் நீராகப் போனால்தான் குடல் தயார். பாதி மருந்தை முந்தைய மாலையிலும் மீதியை பரிசோதனை நாள் அதிகாலையிலும் குடிக்கச் சொன்னால், தூக்கத்தைப் பார்க்காமல் எழுந்து குடித்துவிடுவது நல்லது.

இரண்டு, மூன்று நாள்களுக்கு முன்பே கீரை, கொய்யா, சிறுதானியம் வேண்டாம். முந்தைய நாள் இளநீர், வடிகட்டிய சூப், பால் கலக்காத டீ போன்றவைதான். பீட்ரூட், மாதுளை ஜூஸைத் தொடவே கூடாது. அந்தச் சிவப்பு, கேமராவில் ரத்தம்போலத் தெரியும்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை சில நாள்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுத்தால் சுகர் தாழ்ந்துவிடலாம். அதேநேரம், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோகும். எதை, எப்போது நிறுத்துவது என்பது டாக்டரின் முடிவு.

மயக்க மருந்து தந்திருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. உடன் ஒருவர் அவசியம். டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளவும் அவர்தான் வேண்டும். வயிறு உப்புசம் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாலிப் எடுத்திருந்தால், பயாப்ஸி ரிசல்ட்டை மறக்காமல் வாங்கி டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்த கொலோனோஸ்கோபி எப்போது என்பதை அதைப் பார்த்துதான் சொல்வார்.