அலை இல்லாத இடம்தான் ஆபத்து! கடலுக்குள் ஆளை இழுப்பது எது?

சென்னை,

மெரினாவுக்கு வர்றவங்க கால் நனைக்கத் தேடுவது, அலை அடிக்காத அமைதியான இடத்தைத்தான். ஆனால் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஓடுகிறது.

இழுப்பு உருவாவது எப்படி?

அலைகள் அடுத்தடுத்து வந்து மோதும்போது கரையோரம் தண்ணீர் சேருகிறது. அது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரையில் இருந்து சற்று தள்ளி, தண்ணீருக்கு அடியில் மணல் திட்டு இருக்கும். அந்த திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அதன் வழியாக தண்ணீர் வாய்க்கால் போல பாய்ந்து ஓடுகிறது. வேகம் சில நேரம் வினாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். நீச்சல் வீரர்களே எதிர்த்து நீந்த முடியாது.

பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது, நுரையும் இருக்காது. மணல் கலங்கி தண்ணீர் பழுப்பாகத் தெரிந்தால் உஷார்!

இடம் மாறும்

அலை மணலை அள்ளி வேறு இடத்தில் போடும்போது பள்ளமும் இடம் மாறும். "நேத்து இங்கதானே குளிச்சோம்" என்று இறங்குவது இதனால்தான் ஆபத்தாகிறது. அமாவாசை, பவுர்ணமியில் கடல் மட்டம் அதிகமாக ஏறி இறங்குவதும் இழுப்பை மாற்றும்.

பருவமும் ஒரு காரணம். பருவக்காற்று திசை மாறுவதால், தமிழக கிழக்கு கடலோர நீரோட்டம் மாசி, பங்குனியில் வடக்கு நோக்கியும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது.

கள்ளக்கடல்

காற்றே இல்லாத நாளிலும் கடல் சீறும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல் எழுப்பிய அலைகள், பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருவதே காரணம். இதற்குப் பெயர் கள்ளக்கடல். 2024 மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி டாக்டர்கள் 5 பேர் அலையில் சிக்கி பலியானார்கள். கடல் சீற்றம் பற்றி முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது குறிப்பிடத்தக்கது.

சிக்கினால் என்ன செய்வது?

இந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பதறி கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போய் மூழ்க நேரிடும். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்க. முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்க. இழுப்பு குறுகலானதுதான், அதை விட்டு விலகியதும் அலையோடு கரைக்கு வரலாம்.

கரையில் நிற்பவர்கள் காப்பாற்ற குதிக்காமல் கயிறு, காலி கேன் என மிதக்கும் பொருளை வீசுவதே நல்லது.