காகிதம் போனது, கண்ணுக்கு எந்தத் திரை?

புது தில்லி: மூட்டை மூட்டையாக நாடாளுமன்றத்துக்கு வந்துகொண்டிருந்த பட்ஜெட் ஆவணங்கள் 2021-இல் அச்சிடப்படவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, சிவப்புத் துணி உறையில் கையடக்கக் கணினியுடன் வந்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன்.

இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் இருப்பது எல்.சி.டி. திரை. அதன் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கிண்டில் போன்ற மின்நூல் கருவிகளின் 'இ-இங்க்' திரையிலோ, கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. வெயிலிலும் எழுத்து மங்காது.

பட்ஜெட் அட்டவணைகளைப் பெரிதாக்கவும் வேகமாகப் புரட்டவும் எல்.சி.டி.யே ஏற்றது, இ-இங்க் திணறும். ஆனால், 2023 டிசம்பரில் நிறைவேறிய மூன்று குற்றவியல் சட்டங்களில் மொத்தம் 1,059 பிரிவுகள். அவற்றை வரிவரியாகப் படிக்க விரும்புவோருக்கு இ-இங்க் திரைதான் காகிதத்துக்கு நெருக்கமானது. வாக்களிக்கும் முன் எத்தனை உறுப்பினர்கள் அப்படிப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மசோதாக்கள் பி.டி.எஃப். வடிவில் வருகின்றன. 6 அங்குல இ-இங்க் திரையில் அந்தப் பக்கம் முழுதாகத் தெரிந்தால் எழுத்து பொடியாகிவிடும். 10 அங்குலத் திரை வேண்டுமென்றால் விலை பல மடங்கு.