குழந்தைகளுக்கு இல்லம்

விடுமுறைக் காலங்களில் மேலைநாட்டுத் திருச்சபைகளைச் சேர்ந்த இளைஞர்கள் கடல் கடந்து சென்று, ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களுக்குச் சுவர் எழுப்புகிறார்கள். பழுது பார்த்து வெள்ளையடிக்கிறார்கள். இரண்டொரு வாரங்களில் ஊர் திரும்புகிறார்கள். அன்பினால் விளையும் இத்தொண்டை நான் இகழேன். ஆயினும், மாணவ நண்பர்களே, சுவர் எழுந்ததும் இல்லம் அமைந்துவிடுமா?

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளைப் பேணினார். 1951-இல் மறையும்வரை அவர் தாயகம் திரும்பவேயில்லை. நம் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அடையாற்றில் அது வளர்ந்தது. இவ்விருவரும் குழந்தைகளுக்கு அளித்தது தம் வாழ்நாளையே.

குழந்தை, நாள்தோறும் காணும் முகத்தையே நம்பி வளர்கிறது. பழகியவர் பத்து நாளில் விடைபெற்றால், அதற்கு மேலும் ஒரு பிரிவே மிஞ்சுகிறது. சுவர் வேலையையோ உள்ளூர்க் கொத்தனார் செவ்வனே முடிப்பார்; அக்கூலி அவருடைய பிள்ளைகளையும் காக்கும். வறுமையால் பிரியும் குழந்தைகளுக்குக் குடும்பத்தைத் தாங்கும் பொருளுதவியே முதல் மருந்து. விடுதிக் காப்பு இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை.

ஆகவே, தொண்டாற்ற விழைவோர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வாழும் மாணவர், அருகிலுள்ள இல்லத்தின் பொறுப்பாளரிடம் இசைவு பெற்று, வாரந்தோறும் ஒரே நாளில் சென்று கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஓராண்டேனும் தவறாது செல்லுங்கள்.