வலைத்தெரு – 14: தவணை தப்பிய பெயர்

இணைய முகவரி வாங்குவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். வாங்கிய பெயரைக் கைவிடாமல் வைத்திருப்பதுதான் அதைவிடக் கடினம்.

பெண்ணாடத்தில் ஓர் உரக்கடைக்காரர் ‘முதல் வருடம் 99 ரூபாய்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து டாட் காம் பெயர் வாங்குகிறார் என்று வையுங்கள். மறு வருடம் ஆயிரத்தைத் தாண்டி பில் வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதிப்பார். கணக்கு வேறு. டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், பெயரை விற்கும் பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் ஆண்டுக் கட்டணத்தை 2024 செப்டம்பரில் பெயருக்கு 10.26 டாலராக உயர்த்தியது. நம் பணத்தில் எண்ணூறு ரூபாய்க்கு மேல். 99 ரூபாய்க்குத் தரும் பதிவு நிறுவனம் முதல் வருடம் கைப்பணத்தைப் போட்டு, பிந்தைய வருடங்களில் எடுத்துக்கொள்கிறது. இணையப் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பு, சில்லறை விலைக்கு உச்சவரம்பு ஏதும் விதிக்கவில்லை. புதுப்பிக்கும் கட்டணத்தை வெளிப்படையாகக் காட்டு என்று மட்டும் கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கட்டணத்தைத்தான் வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

புதுப்பிக்கும் கெடு தாண்டினால்? டாட் காம் பெயரானால் உடனே பறிபோகாது. பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் வரை கையில் வைத்திருக்கலாம். அதற்குள் பல நிறுவனங்கள் ஏலத்திலும் விடுகின்றன. இது பலருக்குத் தெரியாது. யாரும் எடுக்காமல் நீக்கப்பட்டால் மேலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் வழக்கமான கட்டணத்தோடு கனத்த மீட்புக் கட்டணமும் சேரும். கடைசி 5 நாளில் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு பெயர் பொதுவுக்கு வந்துவிடும். நல்ல பெயரென்றால் அதைப் பிடிக்கவே ஓடும் நிரல்கள் சில நொடிகளில் பிடித்துவிடும்.

பெரிய இடத்திலும் கெடு தப்பியிருக்கிறது. 2018 பிப்ரவரி 4. செஞ்சூரியனில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஒருநாள் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பிசிசிஐ டாட் டிவி தளம் முடங்கியது. காரணம், பெயரைப் புதுப்பிக்கவில்லை. பெயர் ஏலத்துக்குப் போனது, 270 டாலர் வரை கேட்டார்கள், அது பதிவாகியிருந்ததோ வாரியத்தை விட்டு எப்போதோ வெளியேறிய லலித் மோடியின் பெயரில் என்று அன்றைய செய்திகள் கூறின. உலகத்தின் பணக்கார கிரிக்கெட் வாரியத்துக்கே இந்தக் கதி. பிறகு வாரியம் பெயரை மீட்டுக்கொண்டது.

நம் ஊர்க் கடைகளிலும் கோளாறு, பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதில்தான். தளம் செய்து கொடுத்த தம்பி தன் மின்னஞ்சலிலேயே பெயரைப் பதிந்துவிடுகிறார். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, முடிந்த 5 நாளுக்குள் என்று மூன்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது ஐகான் விதி. மூன்றும் அவருக்கே போகும். அவர் சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போயிருப்பார். உரக்கடைக்காரருக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் வாடிக்கையாளர் போன் செய்து, உங்கள் முகவரியில் சூதாட்டத் தளம் வருகிறதே என்பார்.

கடையோ பள்ளியோ நடத்துகிறவர்களே, இந்த வாரமே உங்கள் பெயர் யார் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும் மாற்றச் சொல்லுங்கள். கட்டணம் கூடுதலாகத் தோன்றினால் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற உங்களுக்கு உரிமை உண்டு. கெடு நெருங்கும் வரை காத்திருக்காமல் மாறுங்கள். பத்து வருடம் வரை சேர்த்தே கட்டவும் வழி இருக்கிறது.