கடல் கொண்ட அணுக்குண்டு

1966ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாட் காலையில், ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கரையிலுள்ள பலோமாரெஸ் என்னும் சிற்றூருக்கு அண்மையில், பிரான்சிஸ்கோ சீமோ ஓர்ட்ஸ் என்ற மீனவர் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வேளையில், ஏறத்தாழ 9,500 மீற்றர் உயரத்தில், அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானமொன்று பறந்தபடியே மற்றொரு விமானத்திலிருந்து எரிபொருள் பெற முயன்றது. இரண்டும் மோதிச் சிதறின. பதினொருவரில் எழுவர் மாண்டனர். குண்டுவீச்சு விமானத்திலே நான்கு ஐதரசன் குண்டுகள் இருந்தன. மூன்று தரையில் வீழ்ந்தன. நான்காவது கடலில் வீழ்ந்தது. பரசூட்டிலே தொங்கிய ஒரு பொருள் நீரில் அமிழ்வதைச் சீமோ கண்டார். அது யாதென அவர் அறியார். அது வீழ்ந்த இடத்தை மாத்திரம் நன்கு அறிவார்.

அந்த ஒரு குண்டைத் தேடி அமெரிக்கக் கடற்படை பெருந்தொகையான கப்பல்களையும் சுழியோடிகளையும் அனுப்பியது. ஆல்வின் என்னும் சிறிய நீர்மூழ்கிக் கலம் மார்ச்சு 15ஆம் நாள், ஏறக்குறைய 780 மீற்றர் ஆழத்தில், பரசூட் போர்த்திய நிலையில் அதனைக் கண்டது. மேலே தூக்குகையில் குண்டு நழுவி மீண்டும் ஆழத்திற் சென்றது. விபத்து நிகழ்ந்து 80 நாட்கள் கழிந்த பின்னர், ஏப்பிரில் 7ஆம் நாளே அது மேலே கொண்டுவரப்பட்டது. அது கிடந்த இடமோ மீனவர் காட்டிய இடத்துக்கு அண்மையிலேயே இருந்தது.

கடலில் வீழ்ந்ததைக் கடலிலேயே விட்டுவிட்டால் என்ன என்று நேயர் வினவலாம். குண்டு வெடித்துவிடுமோ என்பதே எவருக்கும் முதலில் எழும் அச்சம். இவ்வச்சத்துக்குப் பெரிதும் இடமில்லை. இத்தகைய குண்டின் உள்ளே புளூட்டோனியத்தைச் சூழச் சாதாரண வெடிமருந்து பொதியப்பட்டிருக்கும். அம்மருந்து எல்லாப் பக்கங்களிலும் ஒரே கணத்தில் வெடித்து, உள்ளிருப்பதைச் சமமாக நெருக்கினாலன்றி அணுப்பிளவு பெருகாது. மோதலினால் ஒரு பக்கம் வெடித்தால் உள்ளீடு சிதறுமேயன்றிப் பேரழிவு விளையாது. பலோமாரெஸில் தரையில் வீழ்ந்த இரு குண்டுகளுக்கு நேர்ந்தது இதுவே.

ஆயினும் சிதறிய புளூட்டோனியத் தூள் வயல்களில் படிந்தது. ஏறத்தாழ 1,400 தொன் மண்ணும் பயிர்ப்பொருளும் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு அமெரிக்காவின் தென் கரோலினாவுக்கு அனுப்பப்பட்டன. அதனாலும் வேலை முடிந்துவிடவில்லை. எஞ்சிய மண்ணை அகற்றுவது குறித்து 2015இலும் இரு அரசுகளும் கூட்டறிக்கையில் ஒப்பமிட நேர்ந்தது. புளூட்டோனியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 24,000 ஆண்டுகள் செல்லும். கடலிலே அது நீரில் எளிதிற் கரையாது; பெரும்பாலும் சேற்றோடு ஒட்டி நிற்கும். ஆதலால் அது மெல்ல நிகழும் கேடு. ஆனால் மனிதர் வகுத்த எந்த ஆட்சியின் ஆயுளினும் நீண்ட கேடு.

மூன்றாவது அச்சமே அரசுகளை உறங்கவிடாதது. குண்டு பிறர் கையிற் சிக்கினால் என்ன செய்வது? பழைய குண்டைக் கைப்பற்றியவர் அதனை உடனே வெடிக்கச் செய்துவிட முடியாது. உப்புநீர் கருவிகளை அரித்துவிடும். வெடிப்பை வலுப்படுத்தும் திரித்தியம் என்னும் வாயு 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்திற் பாதியாகிவிடும். ஆனால் புளூட்டோனியம் அழியாது. குண்டு அமைக்கப்பட்ட முறையும் அதனைப் பிரித்துப் பார்ப்பவனுக்கு ஒரு பாடநூலாகிவிடும்.

இதனைத் தடுக்கும் பூட்டு கடலின் ஆழமே என்று பலர் நம்பினர். அப்பூட்டின் வலிமை சோதிக்கப்பட்டதும் உண்டு. 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அணு ஏவுகணைகள் மூன்றைத் தாங்கிய கே-129 என்ற சோவியத்து நீர்மூழ்கிக் கப்பல் வட பசிபிக்கில் மூழ்கியது. சோவியத்துக் கடற்படை தேடியும் அதனைக் காணவில்லை. அமெரிக்கரோ கடலடியில் ஒலி கேட்கும் கருவிகளின் துணையால் இடத்தை அறிந்தனர். 1974இல், கடற்படுக்கையில் கனிமம் அகழும் கப்பல் என்று உலகுக்குக் கூறி, குளோமர் எக்ஸ்புளோரர் என்னும் கப்பலை அனுப்பினர். ஏறக்குறைய 5,000 மீற்றர் ஆழத்திலிருந்து அந்நீர்மூழ்கியைத் தூக்கினர். பெரும்பகுதி இடையில் முறிந்து வீழ்ந்தது. ஒரு பகுதி மேலே வந்தது. ஆழம் ஒரு பூட்டுத்தான். ஆனால் பணமும் பொறிநுட்பமும் உள்ளவனிடம் அதற்குத் திறவுகோல் உண்டு என்பது அன்று புலனாயிற்று.

எல்லாக் குண்டையும் எடுத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. 1958ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் ஜோர்ஜியாக் கரையிலுள்ள டைபீ தீவுக்கு அருகே, விபத்துக்குள்ளான விமானமொன்று 3,400 கிலோகிராம் எடையுள்ள குண்டொன்றை ஆழங்குறைந்த நீரில் நழுவவிட்டது. அது இன்றுவரை அகப்படவில்லை. அதனுள் புளூட்டோனியக் கரு பொருத்தப்படவில்லை என்பது அமெரிக்க விமானப்படையின் கூற்று. அதுபற்றி வாதம் இருந்துவருகிறது. சேற்றிற் புதைந்த குண்டைக் கிளறுவதிலும் அப்படியே விடுவதே நன்று என அப்படை முடிவுசெய்தது. அம்முடிவு தகுந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அக்கரையில் வாழ்வோர் தம் அருகே கிடப்பது யாது என்பதை அறிந்திருக்கின்றனர்.

அவ்வாறு அறியாதிருந்தோரும் உண்டு. 1965ஆம் ஆண்டு திசெம்பர் 5ஆம் நாள், டிக்கொண்டரோகா என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஒரு விமானம் உருண்டு கடலில் வீழ்ந்தது. விமானியும் விமானமும் அதிலிருந்த அணுக்குண்டும் ஏறத்தாழ 4,900 மீற்றர் ஆழத்திற் போயின. 1981இல் அமெரிக்க அரசு இதனை வெளியிட்டபோது, கரையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் நிகழ்ந்ததென்றே கூறியது. ஜப்பானுக்குரிய ரியூக்யூத் தீவுகளிலிருந்து ஏறக்குறைய 80 மைல் தொலைவிலேயே அது நிகழ்ந்தது என்பது 1989இலேதான் வெளியாயிற்று. அணுக்குண்டின் கொடுமையை நேரிற் கண்ட நாட்டின் மக்கள், தம் வாசலிற் கிடந்த குண்டைப்பற்றி 24 ஆண்டுகள் அறியாதிருந்தனர். எதிரிக்கு இடம் தெரியக்கூடாது என்பதற்காகக் காக்கப்படும் இரகசியம், வலைவீசும் மீனவனுக்கும் மீன் உண்ணும் குடும்பத்துக்கும் உண்மை தெரியாதபடி செய்துவிடுகிறது. எதிரியோ தன் கருவிகளால் எவ்வாறேனும் அறிந்துகொள்கிறான்.

1971இல் ஒப்பமிடப்பட்ட கடற்படுக்கை உடன்படிக்கை, கரையோர எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடியில் அணு ஆயுதங்களை நிறுவுவதைத் தடைசெய்கிறது. ஆனால் நிறுவுவது வேறு, தவறவிடுவது வேறு. தவறவிட்டவன் அயல்நாட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்ற கடப்பாடும் அத்தகைய உறுதியோடு விதிக்கப்படுமாயின், கடலோர மக்களுக்கு அது உண்மையான காவலாகும். பலோமாரெஸில் பெருங்கடற்படைக்கு வழிகாட்டியவர் ஓர் எளிய மீனவர். ஆபத்தைக் கண்டறிய உதவிய அத்தகையோருக்கு, ஆபத்தை அறிந்திருக்கும் உரிமையும் உண்டன்றோ?