ஊதிப் பார்த்தால் உண்மை தெரியும்

நள்ளிரவு கடந்த வேளை. உறங்கிய பிள்ளை எழுந்திருந்து இருமுகிறது. நெஞ்சிலே சீழ்க்கை அடிப்பது போன்ற இழுப்பு. பெற்றோர் விடியும்வரை விழித்திருந்து வைத்தியரிடம் கொண்டு செல்கின்றனர். அவர் குழாய் வைத்துக் கேட்கும்போதோ, நெஞ்சில் ஓசை ஏதுமில்லை! இரவில் வந்து பகலில் மறையும் இந்நோயை எவ்வாறு பிடிப்பது?

தொய்வு எனப்படும் ஆஸ்துமாவில் சுவாசக் குழாய்களைச் சூழ்ந்த தசைகள் இறுகுகின்றன, உட்சவ்வு வீங்குகிறது, சளி அடைக்கிறது. மூச்சை வெளியே விடுவதே பெரும்பாடாகிறது. ஆகவே வெளிவிடும் மூச்சையே அளக்கின்றனர்.

1846இல் ஜோன் ஹட்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர், நீரில் கவிழ்த்த கலத்தினுள் மனிதரை ஊதச் செய்து, நுரையீரலின் கொள்ளளவை அளந்த விவரத்தை வெளியிட்டார். நூறாண்டின் பின், 1947இல், பிரான்சைச் சேர்ந்த திஃப்னோ முதற் செக்கனில் வெளியேறும் காற்றை அளந்து காட்டினார். சுகதேகி தம் மூச்சின் முக்காற்பங்கை அந்த ஒரு செக்கனிலேயே ஊதிவிடுவார். குழாய் சுருங்கியவருக்கு அது அரிது. குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, சுமார் 15 நிமிடங்களின் பின் மீண்டும் ஊதச் செய்வர். வளர்ந்தவரில் அவ்வளவு 12 சதவீதத்துக்கும் 200 மில்லிலீற்றருக்கும் மேலாக உயர்ந்தால், அது தொய்வுக்குச் சான்றாகும்.

பகலில் ஊதிய அளவு சரியாயிருந்தால் நோயில்லை என்று கொள்ளலாமா? கூடாது. 1959இல் றைற் என்பார் விவரித்த உச்ச மூச்சுமானி இங்கே கைகொடுக்கிறது. இன்று அது கையடக்கமான சிறு கருவி. இரு வாரங்கள் காலையும் மாலையும் வீட்டிலேயே ஊதி, அளவைக் குறித்து வைத்தல் வேண்டும். கணக்குப் பெரிதும் ஏறியிறங்கினால், கள்ளன் அகப்பட்டான்!

மூச்சிலுள்ள வாயுவும் துப்புத் தரும். மனிதர் விடும் மூச்சில் நைத்திரிக் ஒட்சைட்டு இருப்பதைச் சுவீடன் ஆராய்ச்சியாளர் 1991இல் கண்டனர். ஒவ்வாமையால் சுவாசக் குழாய் அழற்சியுற்றால் அது மிகும். ஆயினும் புகைபிடிப்போரில் குறைத்துக் காட்டும். எனவே ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கட்டலாகாது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் சரிவர ஊதமாட்டார்கள். அவர்கள் விடயத்தில் தாய் சொல்லும் இரவுக் கதையே வைத்தியருக்குப் பெருந்துணை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பேச முடியாதபடி மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கருவியைத் தேட வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். அளப்பதற்கு வேறு நாள் உண்டு.